பேட்டரிப் பெட்டிக்கு இன்னொரு சாவி

பாலாவுக்கு,

நீ அனுப்பிய பூ வந்து சேர்ந்தது. உங்கள் லாரி டிரைவர் லிஃப்ட் நிற்காத மாடிக்குப் படியேறித் தூக்கிக்கொண்டு வந்து, வாசலில் இறக்கி வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டே பாலா கொடுக்கச் சொன்னார் என்றார். ஒரு பெட்டி நிறைய ஆர்க்கிட். வீட்டில் இருக்கிற ஜாடி, குவளை, பால்மாவு டின் எல்லாவற்றிலும் வைத்தும் மிச்சம் கிடக்கிறது. உன் அப்பா அதில் பாதியை எதிர்வீட்டு மலாய்க்காரம்மாவுக்கும் கீழே கோப்பிக் கடைக்காரருக்கும் கொடுத்துவிட்டார், அவர்கள் கேட்காமலேயே. பூவுக்கு நடுவே நீ செருகியிருந்த துண்டுச் சீட்டையும் பார்த்தேன். "கோகிலாவை அனுப்பி வைங்க." அவ்வளவுதான் எழுதியிருக்கிறாய். கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண்டாட்டி அவள். இரவல் வாங்கி வந்த இட்லிப் பானையா, வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து அனுப்பி வைக்க?

நேரில் வந்தே பேசியிருப்பேன். ஆனால் கிராஞ்சிக்கு பஸ் பிடித்து, மெயின் ரோட்டில் இறங்கி, அந்தச் செம்மண் பாதையில் குடையைப் பிடித்துக்கொண்டு உன் தோட்டம் வரைக்கும் நடந்து வந்து நான் வாயைத் திறந்தால், நீ பாதியில் எழுந்து ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றப் போய்விடுவாய். உன் குணம் எனக்குத் தெரியாதா? கடிதம் என்றால் எழுந்து போனாலும் அது மேஜைமேல் அப்படியே கிடக்கும். திரும்பி வந்து படித்துத்தான் ஆகவேண்டும். அதனால் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். கோபமாகவும் எழுதப் போகிறேன். படித்துக்கொண்டிருக்கும்போது விளக்கு அணைந்து போனால் பகலில் வைத்துப் படி.

கோகிலா இங்கே நன்றாக இருக்கிறாள். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது, வீக்கம் வடிந்துகொண்டு வருகிறது. கையில் ஒரு பையோடு வந்து நின்று, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் அத்தை" என்றாள். அந்த இரண்டு நாள் எப்போதோ முடிந்துவிட்டது. அவள் போகவில்லை, நானும் கேட்கவில்லை. நீ ஒன்றைக் கவனித்தாயா? அவளுடைய அம்மா அப்பா கேலாங்கில் இருக்கிறார்கள். அடிபட்ட பெண் பிறந்த வீட்டுக்குத்தான் போவாள். ஏன் அங்கே போகவில்லை என்று நான் கேட்டதற்கு, அங்கே போனால் அப்பா திருப்பி அனுப்ப மாட்டார் அத்தை என்று சொல்லிவிட்டு, பாத்திரத்தைக் கழுவ ஒற்றைக் கையோடு போய்விட்டாள். அவள் திரும்பி வரவேண்டும் என்று நினைப்பதால்தான் மாமியார் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். இதற்கு நீ கோவிலில் தேங்காய் உடைக்கவேண்டும். அவள் அம்மா போன் பண்ணும்போதெல்லாம் ஊறுகாய் போட உதவிக்கு வந்திருக்கிறாள் என்று நான் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தேக்கா மார்க்கெட்டில் இருக்கிற மாங்காய் முழுவதையும் ஊறுகாய் போட்டிருந்தாலும் இந்நேரம் முடிந்திருக்கும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாதா? வருகிற வாரம் இருவரும் மகளைப் பார்க்க இங்கே வருகிறார்களாம். வந்தால் கையைப் பார்ப்பார்கள். பார்த்தால் கூட்டிக்கொண்டு போவார்கள். அதற்குப் பிறகு நீ லாரி லாரியாகப் பூ அனுப்பினாலும் பிரயோசனமில்லை.

இனி பேட்டரிக்கு வருகிறேன். அம்மாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று முகத்தைத் தூக்காதே. சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துச் சந்தில் உன் அப்பா மைக் செட் கடை போட்ட நாளிலிருந்து, அந்தக் கறுப்புப் பெட்டிகளோடுதான் நான் குடித்தனம் நடத்தினேன். கடை முன்னால், வீடு பின்னால். சோறு வடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும். மூடியைக் கழற்றி, தகடு முங்கியிருக்கிறதா என்று பார்த்து, காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றியது நான். ஆசிட் பட்டு ஓட்டை விழுந்த புடவைகளை இன்னும் வைத்திருக்கிறேன். கண்ணாடிக் குழாயில் ஆசிடை உறிஞ்சி, உள்ளே மிதக்கிற குண்டு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்து, இது முழுசு, இது பாதி, இது செத்துக்கொண்டிருக்கிறது என்று பிரித்து வைத்ததும் நான்தான். பாதிக்குக் கீழே இறங்கிய பேட்டரியை வெளியே அனுப்பாதீர்கள் என்று எத்தனை முறை கத்தியிருப்பேன். அடிவரை இறக்கினால் தகட்டில் வெள்ளை பூக்கும், பூத்த தகடு பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. இது எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை. மாடிப்படிக்கு அடியில் செத்துக் கிடந்த பேட்டரிகளைத் தாண்டித்தான் நான் குளிக்கப் போனேன்.

உன் அப்பாவுக்கு இல்லை என்று சொல்ல வராது. இன்னும் வராது. கல்யாண வீட்டில் இன்னும் ஒரு பாட்டு என்பார்கள், போடுவார். கம்பத்துக் கிராமத்து வீட்டில் சாப்பாட்டுப் பந்தி முடியவில்லை, விளக்கு இன்னும் கொஞ்சம் எரியட்டும் என்பார்கள், எரியவிடுவார். பல்பு சிவந்து, பாட்டு இழுத்து இழுத்து ஆண் குரல்போலப் பெண் பாடுகிறவரைக்கும் நிறுத்த மாட்டார். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று நான் சொன்னால், "அவங்க வீட்டு விசேஷம்லா, நடுவுல எப்படி நிறுத்துறது" என்று என்னையே கல்நெஞ்சுக்காரியாக்கிவிடுவார். ஊருக்கெல்லாம் வெளிச்சம். எங்கள் வீட்டில் மழைக்குக் கரண்ட் போனால் மெழுகுவர்த்தி. ஒரு நல்ல பேட்டரி கடையில் இருக்காது, எல்லாம் யார் வீட்டுப் பந்தலிலாவது செத்துக்கொண்டிருக்கும்.

தேர் அன்றைக்கு நடந்தது எனக்குத் தெரியாது என்று நீ இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். தெரியும். நீ அப்போதுதான் தேசிய சேவை முடித்து வந்து கடையில் நின்றாய். முந்தின நாள் உன் அப்பா தேருக்கென்று வைத்திருந்த பேட்டரிகளை ஒரு கல்யாண வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். காலையில் திரும்பி வந்தபோது குண்டு அடியில் கிடந்தது. சாயங்காலத்துக்குள் ஏறாது, வேறு எங்காவது வாடகைக்கு எடுப்போம் என்று நீ சொன்னாய். அடுப்படியில் நின்றுகொண்டிருந்த என் காதில் விழுந்தது. அவர் ஓடும் என்றார். ஓடியது, சந்து திரும்புகிற இடம்வரைக்கும். தேருக்கு முன்னால் ட்யூப் லைட் கண்ணடித்து அணைந்தது, ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் அப்படியே அமுங்கிப்போனது, சாமி இருட்டில் நின்றது. கற்பூரத் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐயர் முழித்தார். கமிட்டிக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டு வந்தபோது உன் அப்பா என்ன சொன்னார் என்பதை அன்றைக்கே மூன்று பெண்கள் வந்து என்னிடம் ஒப்பித்துவிட்டார்கள். "பையன் சார்ஜ் போட மறந்துட்டான்." அத்தனை ஜனம் உன்னைத் திரும்பிப் பார்த்ததாம். நீ கைவண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாயாம். வீட்டுக்கு வந்த மனுஷனை நான் விடவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை, ஆனால் உன்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நீ மறு மாதமே கடையை விட்டாய். எலக்ட்ரிஷியன் வேலைக்குப் போனாய், பிறகு அந்தச் சீனத் தௌக்கே முதலாளியின் பூந்தோட்டத்துக்குப் போனாய். ஆர்க்கிட் பிடித்துப்போய் நீ அங்கே போகவில்லை. மனுஷர்கள் வந்து இன்னும் ஒரு பாட்டு என்று கேட்காத இடம் வேண்டும் என்றுதான் போனாய். பெற்றவளுக்குத் தெரியும்.

அதனால் உன் வீட்டைப் பார்க்க முதல்முறை வந்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த நிலத்தை எப்படியும் கவர்மெண்ட் எடுத்துக்கொள்ளும் என்பதால் உங்கள் வீடுவரைக்கும் கரண்ட் கம்பி இழுக்க மாட்டேன் என்கிறார்கள். பகலில் தோட்டத்து ஜெனரேட்டர் ஓடும்போது சார்ஜ் ஏற்றி, சாயங்காலம் அதில் விளக்கும் காற்றாடியும் சின்ன டிவியும் ஓட்டுகிற மாதிரி, லாரி பேட்டரிகளை வரிசையாக மரப்பெட்டிக்குள் அடுக்கி வைத்திருந்தாய். பெட்டியின் முகப்பில் கண்ணாடி, உள்ளே முள் ஆடுகிற மீட்டர். முள் இந்த இடத்துக்கு வந்தால் பேட்டரியில் பாதி மிச்சம் என்று கணக்குப் போட்டு, மீட்டர்மேல் சிவப்பாக ஒரு கோடு இழுத்திருந்தாய். அந்தக் கோட்டைத் தொட்டால் ரிலே தானாகவே எல்லாவற்றையும் அணைத்துவிடும், திரும்பப் போட வேண்டுமென்றால் பெட்டியைத் திறந்து பொத்தானை அழுத்த வேண்டும் என்று விளக்கிச் சொன்னாய். உன் அப்பா பக்கத்தில் நின்று தலையை மட்டும் ஆட்டினார். நான் மனசுக்குள் கைதட்டினேன். எந்தப் பேட்டரியையும் பாதிக்குக் கீழே விடக்கூடாது என்று நான் கத்திய கத்தலை இந்த வீட்டில் ஒரு ஜீவனாவது காதில் வாங்கியிருக்கிறதே என்று இருந்தது. அந்தக் கோட்டை நீ கோகிலாவின் கல்யாண நகப்பூச்சை எடுத்துத்தான் போட்டாய் என்பது இப்போதுதான் எனக்குத் தெரியும். பெட்டிக்குப் பூட்டுப் போட்டு ஒரே சாவியை உன் கால்சட்டைப் பையில் வைத்திருக்கிறாய் என்பதும் இப்போதுதான் தெரியும்.

பொங்கலன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். தலைப்பொங்கல் என்று சம்பந்தி வீட்டில் பித்தளைப் பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, உனக்கு வேட்டி சட்டை, அவளுக்குப் பட்டு என்று ஒரு வண்டி நிறைய சீர் எடுத்துக்கொண்டு அந்த மண் பாதையில் குலுங்கிக் குலுங்கி வந்தார்கள். நாங்களும் வந்திருந்தோம். சாயங்காலப் பந்தியில் உன் மாமனார் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தார். முன்னால் சாப்பிட்டு முடித்தவர்கள் கை கழுவ எழுந்தார்கள், கோகிலா தண்ணீர் மோட்டாரைப் போட்டாள், அடுத்த நொடி வீடு இருண்டது. கொசுவர்த்தியின் சிவப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது. நான் உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன், அவர் ஏதாவது செய்யக் கிளம்பிவிடக் கூடாதே என்று. உன் மாமனார் பாவம், எவ்வளவு தன்மையாகக் கேட்டார். "தம்பி, கை மட்டும் கழுவிக்கிறேன். ஒரு நிமிஷம் போடுங்க." நீ இருட்டுக்குள்ளிருந்து பதில் சொன்னாய்: "இல்ல மாமா. லிமிட் வந்துடுச்சு. இனிமே காலையிலதான்." அதோடு நிறுத்தினாயா? மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, தயிர்சாதம் காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு ஈயத் தகடு எப்படி வெள்ளை பூக்கிறது என்று பாடம் வேறு நடத்தினாய். அவர் மருமகன் வீடு என்பதால் கேட்டுக்கொண்டார். வண்டியில் ஏறும்போது என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார், மாப்பிள்ளை நல்லவர்தான், கொஞ்சம் அழுத்தம் என்று. நல்லவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் என் மகனை அழுத்தம் என்று சொல்ல மாட்டேன், தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பேன்.

அடுத்து நடந்ததைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீ பூ லாரியோடு ஏர்போர்ட்டுக்குப் போயிருக்கிறாய். அந்திசாயும் நேரம். அவள் குளிக்கப் போய், முகத்தில் சோப்பைப் போட்டுக்கொண்டு மோட்டாரைப் போட்டிருக்கிறாள். எல்லாம் அணைந்துவிட்டது. கண்ணைத் திறக்க முடியாமல், புடவையைச் சுற்றிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வெளியே வந்தவள் பலகைப் படியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். பெட்டி கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, பூட்டியிருக்கிறது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடு கிடையாது. அந்தப் படியிலேயே, காய்ந்த சோப்போடு, தோட்டத்து நாய்கள் எதையோ பார்த்துக் குரைப்பதைக் கேட்டுக்கொண்டு, நீ வருகிறவரைக்கும் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நீ வந்து டார்ச்சை அடித்தாய். அவள்மேல் இல்லை, மீட்டர்மேல். "அணையறப்ப முள்ளு எங்க இருந்துச்சு?" இதுதான் நீ கேட்ட முதல் கேள்வி. நான் உன்னைப் பெற்றேன், வளர்த்தேன், ஜுரத்தில் நெற்றியில் ஈரத்துணி போட்டேன். நான் வந்து உன் பக்கத்தில் படுத்தபோது முதலில் உன் ஜுரம் எவ்வளவு என்றா கேட்டேன்? எங்கே வலிக்கிறது என்று கேட்டேன்.

இதையெல்லாம் அவள் வந்த அன்று சொல்லவில்லை. பல நாள் கழித்து, நான் அவள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அழவும் இல்லை. உன்னை விட்டுக்கொடுத்தும் பேசவில்லை. பேட்டரியைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கும் தெரியும் அத்தை, விளக்கில்லாமல் இருக்கவும் பழகிவிட்டேன் என்றாள். பிறகுதான் அதைச் சொன்னாள். "நான் லைட் கேக்கல அத்தை. சாவிதான் கேட்டேன். அதுக்கு அவர், உன்கிட்ட குடுத்தா நீயும் எங்கப்பா மாதிரி அடிவரைக்கும் ஓட்டிடுவேன்னு சொல்லிட்டார்." சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தோம். கோப்பியை எடுத்துக்கொண்டு உன் அப்பா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். கோப்பியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது கவனமாகப் படி, இது அம்மா சொல்வது இல்லை, பேட்டரியோடு குடித்தனம் நடத்தியவள் சொல்வது. கோகிலா உன்னிடம் சொன்னாளாம், விளக்கு மட்டும் எரியும்போது முள் கோட்டுக்கு மேலே தாராளமாக நிற்கிறது, மோட்டாரைப் போட்டதும் சடாரென்று கீழே விழுகிறது, எல்லாம் அணைந்து சற்று நேரத்தில் தானாகவே மேலே ஏறிவிடுகிறது என்று. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வேறு என்ன வேலை அவளுக்கு, அந்த இருட்டில்? அதற்கு நீ, "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவளிடம் சொல்லிவிட்டாயாம். உனக்குத்தான் தெரியவில்லை. நம் கடையில் ஆம்ப்ளிஃபயரை முழுசாக வைத்தால் முள் குனியும், நிறுத்தினால் நிமிரும். அதைப் பார்த்துப் பார்த்துத்தானே வளர்ந்தாய்? பேட்டரி சும்மா கிடக்கும்போது முள் எங்கே நின்றால் பாதியோ, அதே இடத்தை மோட்டார் இழுக்கும்போதும் பாதி என்று வைத்துவிட்டாய். நீ பார்த்த கணக்கு சரி, பார்க்கிற நேரம் தப்பு. முக்கால்வாசி நிறைந்த பேட்டரிகூட மோட்டாரை இழுக்கிற அந்தக் கணத்தில் உன் கோட்டுக்குக் கீழேதான் காட்டும். பொங்கலன்று அந்தப் பெட்டி பாதிக்கு வரவே இல்லை. உன் மாமனார் பாதிக்கு மேல் நிறைந்த பேட்டரிக்குப் பக்கத்தில் எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தார்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ஒரு தகர டிரம்மை உயரமாக ஏற்றி வைத்து, பகலில் ஜெனரேட்டர் ஓடும்போதே தண்ணீரை நிரப்பிவிடு. சாயங்காலம் மோட்டாரே வேண்டாம், குழாயைத் திறந்தால் தண்ணீர் தானாக வரும். முள் விழுந்ததும் அணைக்காமல், கொஞ்சம் பொறுத்துப் பார்த்து, அப்போதும் ஏறாவிட்டால் மட்டும் அணைக்கிற மாதிரி ரிலேயை மாற்று, உனக்குத் தெரியாத வேலையா? கோட்டை எடுக்காதே. கோடு வேண்டும். உன் அப்பாவோடு வாழ்ந்தவள் நான், கோடு வேண்டாம் என்று சொல்வேனா? ஆனால் அந்தக் கோட்டுக்குக் கீழே பாதி மிச்சம் வைத்திருக்கிறாயே, அது யாருக்கு? நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். உனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை, வந்த விருந்தாளிக்கும் இல்லை. பேட்டரி நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பேட்டரி வைத்திருக்கிறாய். ரிலேவுக்குள் போகாமல் ஒரே ஒரு சின்ன பல்பைக் குளியலறையிலிருந்து வாசல்வரைக்கும் தெரிகிற மாதிரி தனியாகப் போடு. ஒரு பெண் வழுக்காமல் நடந்து வருகிற அளவுக்கு அந்தப் பாதியிலிருந்து எடுத்தால் தகடு ஒன்றும் பூத்துவிடாது.

இன்னொன்றும் உண்டு, இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும், வரட்டும். அவள் படியில் உட்கார்ந்திருந்ததை வைத்து நீ அவளைப் பயந்தாங்கொள்ளி என்று முடிவு கட்டியிருக்கிறாய், எனக்குத் தெரியும், அப்படித்தான் டிரைவரிடம் சொன்னாயாம். சுமையை இழுத்துக்கொண்டிருக்கும்போது பார்த்தால் யாருக்கும் முள் கீழேதான் நிற்கும். ஆள் இல்லாத தோட்டத்தில், புது இடத்தில், ஒரு பெண் எத்தனை மாதம் சத்தம் போடாமல் இருந்திருக்கிறாள் என்று பார். உன் அப்பா தேர்க்கமிட்டிக்கு முன்னால் நின்ற நேரத்தை வைத்து அவரையும் அப்படித்தான் அளந்து வைத்திருக்கிறாய். அவர் செய்தது தப்பு, நான் இல்லை என்று சொல்லவே மாட்டேன். அவர் யாருக்கும் இல்லை என்று சொல்லாமல் என்னை இருட்டில் உட்காரவைத்தார். நீ எல்லோருக்கும் இல்லை என்று சொல்லி உன் பெண்டாட்டியை இருட்டில் உட்காரவைத்திருக்கிறாய். எனக்கு இரண்டும் ஒரே இருட்டாகத்தான் தெரிகிறது. அப்பாவும் மகனும் இப்படி ஆளுக்கொரு பக்கமாக என் உயிரை வாங்க வேண்டும் என்று வரம் வாங்கி வந்தீர்களா?

கடிதத்தை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் அந்தக் கோப்பி நாளிலிருந்து உன் அப்பா சரியாக இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய சாமானையெல்லாம் இழுத்துப் போட்டு, அந்தக் கண்ணாடிக் குழாயைத் தேடி எடுத்திருக்கிறார், குண்டு மிதக்குமே, அது. கழுவித் துடைத்து, பழந்துணியில் சுற்றி, கோகிலாவிடம் கொடுத்தார். முள்ளைவிட இது பொய் சொல்லாது, நீயே பார்த்துக்கொள்ளம்மா என்று மட்டும் சொன்னார். எப்படிப் பார்ப்பது என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன், அவர் சொல்லிக் கொடுத்தால் நடுவில் யாராவது கூப்பிட்டுப் போய்விடுவார். இன்றைக்கு நான் இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து இந்த அறைக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் வந்து என் பின்னால் நின்றுகொண்டு, "தேர் அன்னிக்கு சார்ஜ் இல்லாத பேட்டரியக் கொண்டு போனது நான்தான்னு எழுது" என்றார்.

எனக்கு வந்த எரிச்சலில் பேனாவை அவர் கையில் திணித்து, நீங்களே எழுதுங்கள் என்றேன். இத்தனை வருஷம் வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள் என்றும் கேட்டேன். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார், காகிதத்தைப் பார்த்தார், திரும்ப என்னிடமே கொடுத்துவிட்டார். நான் எழுதினால் அவன் கிழித்துப் போட்டுவிடுவான், நீ எழுதினால் படிப்பான் என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "அவன் வேணாம்னுதான் சொன்னான். நான்தான் கேக்கல. எல்லாரும் பாக்கறப்ப அவன் பேரச் சொல்லிட்டேன். அதையும் எழுது." எழுதிவிட்டேன். அவர் சொன்னபடியே, ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இவ்வளவு நாளாக நீ எதற்காக அந்தப் பூட்டைப் போட்டு வைத்திருக்கிறாயோ, அது முடிந்துவிட்டது. அன்றைக்கு நீ சார்ஜ் போட மறக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இப்போது உன் பெண்டாட்டிக்கும் தெரியும், ஏனென்றால் அவரே அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, இது எனக்குத் தெரியாது மாமா, அவர் என்னிடம் சொல்லவே இல்லை என்றாள். கட்டினவளிடம்கூடச் சொல்லாமல் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாயே, உன்னை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. சம்பந்தி வருவதற்கு முன்னால் வா. தேக்காவில் பஸ் இறங்கினால், துணிக்கடைக்குப் பக்கத்து ஐந்தடி நடைபாதையில் மேஜை போட்டுக்கொண்டு சாவி வெட்டுகிறவர் இருக்கிறார், அங்கே ஒன்று வெட்டிக்கொண்டு மேலே ஏறு. உன்னிடம் இருக்கிற பழைய சாவியை அவளுக்குக் கொடு, புதிதை நீ வைத்துக்கொள். அவள் மாமியார் சொன்னாள் என்பதற்காகக் கொடுக்காதே, அது அவள் வீட்டுப் பெட்டி என்பதற்காகக் கொடு. நீ வந்து கூப்பிட்டால் போவாயா என்று அவளைக் கேட்டேன். கட்டுப் போட்ட கையோடு மாவைப் பிசைந்துகொண்டே, "சாவி வந்தா போறேன் அத்தை" என்றாள். அவள் சிரித்தாள் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் சிரிக்கவில்லை. அவள் போவதும் போகாததும் இனி உன் கையில் இருக்கிறது, நான் அனுப்பி வைக்க மாட்டேன்.

வந்ததும் முதலில் கை எப்படி இருக்கிறது என்று கேள். பூ கொண்டு வராதே, வைக்க இடமில்லை.

அம்மா